மறைந்து நின்ற காய்ச்சல்

தேக்காச் சந்தைக்கு வடக்கே சிறிது தொலைவில் மௌல்மீன் சாலை உள்ளது. பேர்ல்ஸ் ஹில் குன்றில் 1844ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, ஏழை நோயாளர்க்கென எழுந்த டான் டோக் செங் மருத்துவமனை, 1909ஆம் ஆண்டு முதல் இச்சாலையில் நிலைபெற்றுள்ளது. அதன் அண்மையில் இருந்த மிடல்டன் தொற்றுநோய் மருத்துவமனை 1985இல் அதனுடன் இணைக்கப்பட்டது. தொற்றுநோயோடு நீண்ட பழக்கமுடைய இவ்விடத்திலேயே 2003ஆம் ஆண்டு ஒரு பெருஞ்சோதனை நிகழ்ந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், ஹாங்காங் சென்று திரும்பிய இளம்பெண் ஒருவர் நுரையீரல் அழற்சியுடன் அங்குச் சேர்க்கப்பட்டார். அந்நோய்க்கு அன்று பெயர்கூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் மார்ச்சு 12ஆம் நாளில்தான் உலகை எச்சரித்தது. பின்னர் அதற்குச் 'சார்ஸ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெயர் அறியப்படுமுன்னரே அது தாதியரையும் மருத்துவரையும் பிற நோயாளரையும் பற்றிக்கொண்டது. மார்ச்சு 22ஆம் நாள் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளர்க்கென ஒதுக்கப்பட்டது.

இத்துடன் நோய் அடங்கியிருக்கலாம். ஆனால், அம்மருத்துவமனையில் முன்னர்த் தங்கிச் சென்ற ஒருவர், மார்ச்சு 24ஆம் நாள் ஊட்ரம் வட்டாரத்திலுள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் வேறொரு கோளாற்றுக்காகச் சேர்ந்தார். நாட்பட்ட நோய்கள் பல அவருக்கு இருந்தமையால், புதிய தொற்றின் அறிகுறி பழைய நோய்களின் நிழலில் மறைந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் உண்மை வெளிப்படுமுன் அங்கும் நோய் பரவிவிட்டது. அம்மருத்துவமனையில் தொற்றுக்கு ஆளான குருதிநாள அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் சாவ், ஏப்ரல் 22ஆம் நாள் தம் 37ஆம் வயதில் உயிர்நீத்தார்.

இஃது எவ்வாறு நேர்ந்தது? மருத்துவமனையில் காய்ச்சல் புதுமையன்று. அறுவைக்குப்பின் காய்ச்சல் கண்டால், புண் சீழ்ப்பிடித்ததா, நுரையீரலில் சளி தேங்கியதா, சிறுநீர்க் குழாய் வழியோ நரம்பில் செலுத்திய ஊசிக்குழல் வழியோ கிருமி புகுந்ததா என்று ஆராய்வது மரபு. ஏற்கத்தக்க காரணம் ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்துதல் மனித இயல்பு. சார்ஸ் புகுந்த வாயில் அவ்வியல்பே. ஒருவர் உடலில் இரு நோய்கள் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதை ஊட்ரம் நிகழ்ச்சி உணர்த்திற்று.

அந்நோய்க்கெனத் தனிமருந்து அன்று இல்லை. உயிர்வளி அளித்தல், மூச்சுக்கருவியால் தாங்குதல் ஆகியனவே பெரும்பாலும் சிகிச்சையாயின. ஆகவே விரைந்து கண்டறிதலும், தனிமைப்படுத்தலும், தொடர்பிலிருந்தோரைத் தேடுதலும் மருந்தின் இடத்தைப் பெற்றன. பணியாளர் நாள்தோறும் தம் உடல்வெப்பத்தை அளந்தனர். முகக்கவசமும் அங்கியும் அணிந்தனர். நோயாளரைக் காண வருவோர் தடுக்கப்பட்டனர். பள்ளிகள் மூடப்பட்டு மீண்டும் திறந்தபின், மாணவர் கைகளுக்கும் வெப்பமானி வந்து சேர்ந்தது. கைகழுவினால் பிள்ளைபெற்ற தாயரின் காய்ச்சல் குறையும் என்று 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டிய எளிய வழியும் மறவாது கைக்கொள்ளப்பட்டது.

2003 மே 31ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைச் சார்ஸ் பரவும் இடங்களின் பட்டியலினின்று நீக்கியது. நோயுற்றோர் 238 பேர். இறந்தோர் 33 பேர். நோயுற்றோருள் ஏறத்தாழ ஐவரில் இருவர் மருத்துவப் பணியாளர். இறந்தோருள்ளும் அவர்கள் ஐவர்.

கற்ற பாடம் 2019இல் மௌல்மீன் சாலைப் பகுதியில் தேசியத் தொற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. மறு ஆண்டே கோவிட் வந்தது. எனினும், 2021 ஏப்ரல் இறுதியில் டான் டோக் செங்கின் பொது நோயாளர் கூடம் ஒன்றிலேயே அத்தொற்று மறைந்திருந்து பரவியது. கட்டடங்கள் உயரலாம், கருவிகள் பெருகலாம். 'இது வழக்கமான காய்ச்சல்தானா?' என்று படுக்கையருகே நின்று எழுப்பும் ஐயத்தை அவை தாமே எழுப்பமாட்டா. அவ்வையத்தைத் தலைமுறைதோறும் புதிதாகக் கற்பித்தல் வேண்டும் என்பதே, உயிர்நீத்த அவ்வைவர் விட்டுச்சென்ற பாடமாகும்.