அளவைக் கலப் புதிர்

அளவுக்கோடு இல்லாத இரு பாத்திரங்களைக் கொண்டு, நிரப்புதல், கவிழ்த்தல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் என்னும் மூன்று கிரியைகளால் மட்டுமே குறித்த அளவு திரவத்தைப் பெறும் கணித விநோதம். 5 படி, 3 படிக் கலங்களால் 4 படி அளக்க விரும்புவோர், பெரியதை நிரப்பிச் சிறியது நிறைய ஊற்றி, சிறியதைக் கவிழ்த்துவிட்டு, எஞ்சிய 2 படியை அதில் இட்டு, மீண்டும் நிரப்பிய பெரியதிலிருந்து சிறியது நிறையுமளவு 1 படி வார்த்தால், பெரியதில் 4 படி எஞ்சக் காண்பர். இரு கொள்ளளவுகளின் மீப்பெரு பொதுக் காரணியால் வகுபடுவதும் பெரிய கலத்தின் கொள்ளளவுக்கு மிகாததுமான அளவே ஒரு கலத்தில் சாத்தியம். ஆதலின் 6, 9 படிக் கலங்களால் 4 படி ஒருபோதும் கிட்டாது. இப்புதிருக்கு ஆதாரமான 5×2 − 3×2 = 4 போன்ற சமன்பாடுகளை முழு எண்களில் தீர்க்க உதவும் குட்டக முறையை, 499-ஆம் ஆண்டை ஒட்டி இயற்றிய ஆரியபடீயம் என்னும் நூலில் கணித அறிஞர் ஆரியபடர் சூத்திரமாக வகுத்தார்.