பெரம்பலூர், அரியலூர் வேளாண் விரிவாக்கப் பணி

ஆய்வுப் பண்ணையில் கண்டதை உழவர் வயலுக்குக் கொண்டுசேர்ப்பதும், வயலில் எழும் சிக்கலை ஆய்வாளர் காதில் போடுவதும் வேளாண் விரிவாக்கப் பணி. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. இவ்விரு மாவட்டங்களிலும் மானாவாரி நிலம் மிகுதி. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரியும் விளைகின்றன.

1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், மறு ஆண்டு தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கியபோது ஊருக்குள் வந்தவர் கிராம சேவக் என்னும் ஊர்நிலை ஊழியர். சாலை, சுகாதாரம் என எல்லாப் பொறுப்பும் அவர் தலையில் இருந்ததால் பயிருக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தண்ணீர் நிச்சயமாக உள்ள தஞ்சையைத் தேர்ந்தெடுத்தது. அக்கம்பக்கத்து மானாவாரிக்காரருக்கு நெல்லுக்கான அறிவுரை எப்படிப் பொருந்தும்? 1980களில் வந்த பயிற்சி-பார்வைத் திட்டம்தான் அலுவலர் குறித்த நாளில் வயலுக்கு வரும் வழக்கத்தை உண்டாக்கியது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் அமைந்தது. பின்னாளில் பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரத்தில் ரோவர், அரியலூர் மாவட்டம் சோழமாதேவியில் கிரீடு ஆகிய அமைப்புகளின் வேளாண் அறிவியல் நிலையங்கள் வந்தன.

இப்பணியின் அருமையையும் போதாமையையும் காட்டியது 2017. பருத்திக்கு மருந்தடித்த பெரம்பலூர் விவசாயிகள் சிலர் நச்சு தாக்கி உயிரிழந்தார்கள். ஆள் உயரச் செடியில் தெளிக்கும்போது மருந்து முகத்திலேயே படியும். காற்றுக்கு எதிராகத் தெளிக்காதிருப்பது, முகத்தை மூடுவது, இரண்டு மருந்தைக் கலக்காதிருப்பது ஆகியவற்றை வயலில் செய்துகாட்ட வேண்டும், துண்டறிக்கை போதாது.

அடுத்த ஆண்டே மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போன்ற எச்சம். உள்ளே, தலையில் தலைகீழ் ‘ஒய்’ கோடும் வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் உள்ள புழு. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகுதான் பலருக்கு அடையாளம் பிடிபட்டது. கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, வயலில் இனக்கவர்ச்சிப் பொறி என்று தடுப்பு முறைகள் பரிந்துரைக்கப்பட்டன.