தேசிக்காயும் கல்லுப்பும்

ஊறுகாய் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். முக்காலமும் ஒரு சாடிக்குள் அடங்கிய வினைத்தொகை அது.

வன்னியில் குளங்களை அண்டிய வளவுகளில் தேசி காய்க்கும். அக்கராயனும் அப்படியொரு குளத்து ஊர்தான். காயை நான்காகக் கீறி, உப்பை அடைந்து, ஊறவிட்டு, வெயிலில் உலர்த்தி மறுபடி அதே புளித்தண்ணீரில் போடுவார்கள். உப்புக் குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அளவு? பேத்திக்கு அம்மம்மா காட்டிய கைப்பிடிதான். அந்தப் பிடி கல்லுப்புக்கு உரியது. தூளுப்பை அதே பிடியால் அள்ளினால் நிறை கூடிவிடும்.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையிலும் உப்பு அரசின் ஏகபோகம். காந்தி 1930இல் தண்டிக்கு நடந்ததும் இத்தகைய பிடிக்கு எதிராகவே. வெயிலிலும் சோளகத்திலும் விளையும் ஆனையிறவு உப்பளம் 1990இல் போரால் மூடுண்டது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்து, பலர் வன்னிக்கும் வந்தார்கள். சாடியைத் தூக்கிவர யாரால் முடியும்? கைப்பக்குவம் மட்டும் கூட வந்தது. வந்த இடத்தில் எந்த உப்புக் கிடைத்ததோ அதற்கேற்பப் பிடியைத் தளர்த்தவும் இறுக்கவும் வேண்டியிருந்தது. 2008இன் பிற்பகுதியில் அக்கராயனே இடம்பெயர்ந்தது.

2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அந்த உப்புக்குச் சூட்டிய பெயரைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் எழுந்தது. எழட்டும், ஆனால் அது தூளுப்பு. ஊறுகாய் போடுகிறவர் கடையில் இன்னமும் கல்லுப்புத்தான் கேட்பார்.