பணப்பை இல்லாத கடற்கரை

குடும்பத்தோடு கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணம் போயிருக்கும் ஒரு தகப்பனாரைக் கவனித்துப் பாருங்கள். மனைவி கடலைப் பார்ப்பாள். குழந்தைகள் அலையைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் காப்பிக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, ஐஸ்கிரீமுக்கு இவ்வளவு, தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் பணியாளுக்கு இவ்வளவு. மனத்துக்குள் ஓடும் இந்தக் கணக்கில் பாதிக் கடல் வற்றிப்போய்விடும்.

அந்தத் தகப்பனாரிடமிருந்து பணப்பையை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டால் என்ன? இந்த யோசனையிலிருந்து பிறந்தவைதாம் இன்று கரீபியன் தீவுகளிலும் மெக்ஸிகோவிலும் மாலத்தீவிலும் இருக்கும் 'எல்லாம் அடக்கம்' விடுதிகள். ஊரைவிட்டுக் கிளம்புமுன்பே மொத்தத் தொகையையும் கட்டிவிட வேண்டியது. போய் இறங்கியதும் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிடுவார்கள். பிறகு தின்பதற்குக் கணக்கில்லை, குடிப்பதற்குக் கணக்கில்லை, படகுக்கும் கணக்கில்லை. குழந்தைகளை மேய்ப்பதற்குத் தனியாக ஆள் உண்டு. கிட்டத்தட்ட நம் கல்யாண வீடுதான். மொய் எழுதுவது மட்டும் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. 'அடக்கம்' என்ற சொல்லுக்குத் தமிழில் வேறொரு அர்த்தமும் உண்டு. விடுமுறை நாளில் அதை ஏன் நினைப்பானேன்?

இந்த ஏற்பாடு ஏதோ கோடீசுவரர்களுக்காக ஏற்பட்டது என்று நினைத்தால் அது தவறு. இதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால் கூலிக்காரர்களின் வீட்டில் கொண்டுபோய் விடுகிறது.

பில்லி பட்லின் என்றொருவர். தென்னாப்பிரிக்காவில் 1899-ல் பிறந்து, கானடாவில் வளர்ந்து, முதல் மகாயுத்தத்தில் சிப்பாயாக இருந்து, கடைசியில் இங்கிலாந்துக்கு வந்து திருவிழாக்களில் வளையம் வீசும் கடை போட்டுப் பிழைத்தவர். ஒரு சமயம் வேல்ஸ் தேசத்தில் பாரி தீவு என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தார். அங்கெல்லாம் தொழிலாளிக் குடும்பங்கள் தங்குவது சின்னச் சின்ன விடுதிகளில். விடுதிக்கார அம்மாளோ காலைச் சாப்பாடு ஆனதும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவாள். பொழுது சாய்கிற வரையில் உள்ளே வரக் கூடாது. இங்கிலாந்தின் மழையைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தையும் கையுமாகக் குடும்பங்கள் மழையில் நனைந்துகொண்டு போக்கிடம் தெரியாமல் நின்றதைப் பட்லின் பார்த்தார். பார்த்தவர்கள் பலர், அவர் அதை மறக்கவில்லை.

1936-ஆம் ஆண்டு ஸ்கெக்னஸ் என்னும் ஊரில் அவருடைய முகாம் திறந்தது. வாரத்துக்கு 35 ஷில்லிங்கிலிருந்து 3 பவுன் வரையில் கட்டணம். வரிசை வரிசையாகச் சிறு வீடுகள், மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், ஆட்டம் பாட்டு எல்லாம் அதிலேயே சேர்த்தி. ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை என்று கணக்குப் போட்டார். சிவப்புச் சட்டை போட்ட ஆட்கள் விருந்தாளிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதும் அவருடைய ஏற்பாடு. இரண்டு ஆண்டு கழித்து, 1938-ல், சம்பளத்தோடு விடுமுறை கொடுப்பது பற்றி பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டமே செய்தது.

அதே 1936-ல் பிரான்சிலும் ஓர் அதிசயம் நடந்தது. தேசம் முழுவதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தொழிற்சாலைகளிலேயே குந்திவிட்டார்கள். லியோன் ப்ளூம் தலைமையில் வந்த மக்கள் முன்னணி சர்க்கார், எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. ரயில் கட்டணத்தைக் குறைத்துக் கொடுப்பதற்கு லியோ லக்ராஞ்ச் என்ற இளம் மந்திரி ஏற்பாடு செய்தார். அந்தக் கோடையில் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டும், மூன்றாம் வகுப்பு ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டும் எத்தனையோ குடும்பங்கள் கடற்கரைக்குப் போயின. அவர்களில் பலர் அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. அங்கே ஏற்கெனவே பங்களா கட்டிக்கொண்டிருந்த கனவான்கள் இந்தக் கும்பலைக் கண்டு முகம் சுளித்தார்கள். கடற்கரை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இன்று நேற்றையது அல்ல.

பிறகு யுத்தம் வந்தது. அது முடிந்தபோது ஐரோப்பாவில் உயிரோடு இருந்தவர்களுக்குக்கூட உயிர் இருப்பதாகத் தோன்றவில்லை. ஜெரார் ப்ளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஆண்ட்வெர்ப்பில் ஒரு யூதக் குடும்பத்தில் 1912-ல் பிறந்தவர். தண்ணீருக்குள் பந்து விளையாடுவதில் பேர்போனவர். யுத்தத்துக்குப்பின், ஜெர்மானியர்களின் வதை முகாம்களிலிருந்து மீண்டவர்களைத் தேற்றி மனிதர்களாக்கும் ஒரு விடுதியை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. எலும்பும் தோலுமாய் வந்தவர்களுக்கு வெயிலும் நல்ல சாப்பாடும் விளையாட்டும் தோழமையும் என்ன செய்யும் என்பதை அங்கே கண்ணாரக் கண்டார். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்று விளம்பரப் படங்களில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் உல்லாச விடுதியின் மூலபுருஷர், சிரிக்க மறந்துபோனவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஒருவர்!

1950-ல் ப்ளிட்ஸ் 'க்ளப் மெடிட்டரானே' என்ற சங்கத்தை ஏற்படுத்தினார். லாபத்துக்கான கம்பெனி அல்ல, வெறும் சங்கம். ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவில் அல்கூதியா என்ற கடற்கரையில் அமெரிக்க ராணுவம் கழித்துப்போட்ட கூடாரங்களை அடித்தார்கள். அவற்றைக் கொடுத்தது பாரிஸில் கூடாரம் விற்ற திரிகானோ குடும்பம். ஜில்பேர் திரிகானோ முன்னே கம்யூனிஸ்டாக இருந்து அந்தக் கட்சிப் பத்திரிகையில் எழுதியவர். பாக்கியை வசூல் பண்ண வந்தவர் கூட்டாளியாகவே சேர்ந்துவிட்டார்.

சௌகரியம் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் சில விநோதமான விதிகள் இருந்தன. சாப்பாட்டு மேஜையில் எட்டுப் பேர். யார் பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. தொழிலைப் பற்றிப் பேசுவது நாகரிகமல்ல. நம் தமிழைப் போலப் பிரெஞ்சிலும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. அங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். டாக்டரும் 'நீ', டைப் அடிக்கிற பெண்ணும் 'நீ'. நீச்சல் உடையில் இருப்பவனுக்குப் பை ஏது, பணம் ஏது? ஆகவே மதுக் கடையில் கொடுப்பதற்கு மட்டும் பாசிமணி மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் சில ஆண்டுகளில் வந்தது. தாகத்துக்கு ஏற்றபடி மணிகளைக் கழற்றிக் கொடுத்தால் போதும். ப்ளிட்ஸின் மனைவி க்ளோதீன் தாகித்தித் தீவில் வாழ்ந்தவர். அவரால் கூடாரங்கள் இருந்த இடத்தில் ஓலைக் குடிசைகள் வந்தன. நம் கைலிக்கு அக்காள் முறையாக வேண்டிய 'பரேயோ' என்ற துணியை ஆணும் பெண்ணும் இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். பாரிஸ் குமாஸ்தா இரண்டு வாரத்துக்குத் தீவுவாசி ஆகிவிட்டார்.

கேட்கும்போது நமக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. கூடத்தில் விருந்து நடந்தால் அவன் கண் சமையற்கட்டுக்குப் போகும். 1950-ல் ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சி, ஜனங்களுக்கு ரேஷன். அந்த நாட்டில் ரேஷன் எடுபட்டது 1952-ல்தான். கூடாரத்துக்குள் 'நீ, நான்' என்று சமத்துவம் கொண்டாடிக்கொண்டு வேண்டிய மட்டும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, தீவில் இருந்தவர்கள் சீட்டைக் காட்டி ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். மணிமாலை கழுத்தில் ஏறியவர்களுக்குள்தான் சமத்துவம். சமைத்தவர் கழுத்தில் மணி ஏறவில்லை.

நல்ல யோசனைக்குப் பணம் தேடி வரும். 1961-ல் எட்மண்ட் த ரோத்ஷில்ட் என்ற பெருஞ்செல்வர் முதல் போட்டார். 1966-ல் பங்குகள் பாரிஸ் மார்க்கெட்டுக்கு வந்தன. 1960களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கென்று தனிச் சங்கம் ஏற்பட்டது. அதுவரை கலியாணமாகாதவர்களின் கூத்தாக இருந்த இடத்துக்குக் குடும்பங்கள் வரத் தொடங்கின. ப்ளிட்ஸ் மட்டும் மெள்ள ஒதுங்கிக்கொண்டார். எங்கே போனார் தெரியுமா? நம் சென்னைக்குத்தான்! கிருஷ்ணமாச்சாரியாரின் குமாரர் டி. கே. வி. தேசிகாச்சாரிடம் யோகாப்பியாசம் பயின்றார். அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். ஐரோப்பிய யோகச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பணப்பையை மறக்கக் கற்றுக்கொடுத்தவர் கடைசியில் மயிலாப்பூர் வழியாகத் தம்மையே மறக்கப் போனார் போலிருக்கிறது.

சங்கம் வெயிலைத் தேடிக் கரீபியன் தீவுகளுக்கும் போயிற்று. 1969-ல் மார்த்தினிக்கில் ஒரு கிராமம். குவாதலூப்பிலும் ஒன்று. இந்தத் தீவுகளின் பெயரைக் கேட்டால் தமிழர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லாமல், 1853-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றிக் கொண்டுபோன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் நம்மவர்கள். 'ஓரேலி' என்பது முதல் கப்பலின் பெயர். அவர்கள் சந்ததியார் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் மட்டும் 'மாலியெமென்' ஆகி நிலைத்திருக்கிறாள். விடுதி மேஜையில் பாரிஸ்காரர் சப்புக்கொட்டிச் சாப்பிடும் உள்ளூர்க் கறிக்கு 'கொலம்போ' என்று பெயர். மல்லி, மஞ்சள், சீரகம் என்று அதில் அரைத்துப் போட்டிருப்பது எந்த ஊர் அம்மியில் பழகிய கை என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஆனால் 'எல்லாம் அடக்கம்' என்ற முறை முற்றிப் பழுத்த இடம் ஜமெய்க்கா. அங்கே உல்லாசப் பிரயாணிகளைக் கொண்டுவந்து சேர்த்தது வாழைப்பழம்! லோரென்ஸோ டௌ பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் 1870-ல் ஜமெய்க்காவிலிருந்து கொஞ்சம் வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டுபோய் ஜெர்ஸி ஸிட்டியில் நல்ல லாபத்துக்கு விற்றார். அந்த வியாபாரம் பெருத்து, வாழைக் கப்பல்களிலேயே குளிருக்குப் பயந்த பணக்காரர்களையும் ஏற்றிவந்தார்கள். அவர்கள் தங்குவதற்குப் பேக்கர் போர்ட் அண்டோனியோவில் ஹோட்டலும் கட்டினார்.

பெத்லஹேமிலிருந்து குடியேறிய வம்சத்தில் வந்த ஏப் ஈஸா 1949-ல் 'டவர் ஐல்' ஹோட்டலைத் திறந்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஈஸா 1976-ல் நெக்ரில் கடற்கரையில் எல்லாம் அடங்கிய விடுதி ஒன்றை ஆரம்பித்தார். 1978-ல் டவர் ஐலையே தம்பதிகளுக்கு மட்டுமான விடுதியாக மாற்றினார். 1981-ல் குளிர்சாதனப் பெட்டி வியாபாரியான புட்ச் ஸ்டூவர்ட், மாண்டிகோ பேயில் பழைய ஹோட்டல் ஒன்றை வாங்கி 'ஸாண்டல்ஸ்' என்று பெயர் வைத்தார். அதுவும் ஜோடிகளுக்குத்தான். குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களுக்காக அவர் 1997-ல் நெக்ரிலில் வேறு விடுதி திறந்தார்.

ஏன் அந்தக் காலத்தில், அந்த ஊரில்? 1976-ல் ஜமெய்க்காவில் அரசியல் கட்சிகளின் சண்டை துப்பாக்கிச் சண்டையாக முற்றி, நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. பிரயாணிகள் பயந்தார்கள். 'வெளியே போகவே வேண்டாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது' என்று சொன்ன ஹோட்டல்களுக்குத்தான் ஆள் வந்தது. ஆக, பணப்பையை மறக்கச் செய்வதற்காக வந்த ஏற்பாடு, வெளியே இருக்கும் ஊரை மறக்கச் செய்யும் ஏற்பாடாயிற்று. மதில் எழுந்தது, வாசலில் காவல் வந்தது. உள்ளே மூன்று வேளையும் சாப்பாடு இருக்கும்போது, வெளியே கோழி சுட்டு விற்கிறவனிடம் யார் போவார்கள்? டாக்ஸிக்காரனும் கூடை முடைகிறவளும் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பணமோ பிரயாணி தன் ஊரிலேயே கட்டிவிட்ட பணம். அதில் ஒரு பங்கு தீவுக்குள் காலெடுத்து வைப்பதே இல்லை. விடுதிகளால் ஆயிரக்கணக்கான பேருக்கு உத்தியோகம் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சம்பளக் கவரோடு வீட்டுக்குப் போகிற அறைப் பணிப்பெண்ணிடம் மதிலைப்பற்றி நாம் பிரசங்கம் செய்ய முடியாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஜமெய்க்காவில் 1956-ல் செய்த கடற்கரைச் சட்டப்படி அலை வந்து மோதும் கரை அரசுக்குச் சொந்தம். பரம்பரையாக வலை போட்டுவந்த மீனவர்களின் வழக்கத்தைச் சட்டம் காப்பாற்றியது. ஆனால் அந்தத் தீவில் பிறந்த சாதாரணக் குடிமகனுக்குக் கடலில் குளிப்பது பிறப்புரிமை என்று அது சொல்லவில்லை. அதற்குள்ளே லைசென்ஸ் வாங்கி விடுதி வேலி போட்டால், உள்ளூர்க் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலில் கால் நனைக்க டிக்கட் வாங்க வேண்டும். 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளி போராடிப் பெற்ற அந்த விடுமுறைதான் இது.

மாலத்தீவுக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 1972-ல் திறந்த அங்கத்திய முதல் விடுதிக்குக் 'குரும்பா' என்று பெயர். அவர்கள் பாஷையில் இளநீர்க்காய். நம் குரும்பையின் உறவுதான், சந்தேகமில்லை. ஜனங்கள் வசிக்காத தீவாகப் பார்த்து ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்று கொடுத்தார்கள். மது உண்டு, அரைகுறை உடை உண்டு, எல்லாம் அந்தத் தீவோடு சரி. இஸ்லாமிய ஊர்களை அது தொடாது. ஊராரையும் காசு தொடவில்லை என்ற குறை வந்தபின், 2009-லிருந்து ஜனங்கள் வசிக்கும் தீவுகளிலும் சிறு விடுதிகள் நடத்த அனுமதி கிடைத்தது. இப்போது அப்படிப்பட்ட ஊர்கள் பலவற்றில் கடற்கரையில் ஒரு பகுதியை வெளிநாட்டாருக்கென்று ஒதுக்கி, பார்வை படாமல் தட்டி கட்டி மறைத்துவிடுகிறார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரக் குடும்பம் வெயிலில் மல்லாந்து கிடக்கும். இந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் உடுத்திய உடையோடு குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.