'ஷோ' என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

நெட்வொர்க் துறையில் குப்பை கொட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரு குறி பழக்கமாகியிருக்கும். '^' என்று குடிசையின் கூரை மாதிரி இருக்கும். சிஸ்கோ ரவுட்டரில் ஒரு கட்டளையைத் தப்பாக அடித்தால், அடுத்த வரியில் இந்தக் கூரை வந்து நிற்கும். அதற்குக் கீழே, சதவீதக் குறியோடு, 'இன்வேலிட் இன்புட்' என்று ஒரு வரி வரும். "இதுவரை நீ சொன்னது புரிந்தது, இந்த இடத்திலிருந்து புரியவில்லை" என்பது அதன் பொருள்.

பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அந்தக் கூரைக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது, பெரிய நீதிமன்ற வழக்குகளும் இருக்கின்றன. கணினிப் பக்கமே போகாத நண்பர்களும் இந்தப் பதிவைப் படிக்கலாம், பயப்பட வேண்டாம்.

முதலில் ரவுட்டர் என்றால் என்ன என்று இரண்டு வரி. தபால் பிரிக்கும் அலுவலகம் மாதிரி, வருகிற தகவல் பொட்டலங்களின் முகவரியைப் பார்த்து எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்கிற பெட்டி அது. அந்த முடிவுகளை எப்படி எடுக்க வேண்டும் என்று நாம் எழுதி வைத்திருக்கிற அமைப்புப் பட்டியல்தான் கான்ஃபிகரேஷன். லைன் விழுந்துவிட்டது என்றால் பொறியாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்கான கட்டளை 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்'. பெரும்பாலும் 'ஷோ ரன்' என்று சுருக்கி அடிப்போம்.

இந்த ஒற்றைக் கட்டளையை அடிப்பதில் இத்தனை வகைத் தவறுகளா என்று ஆச்சரியமாக இருக்கும். எழுத்துப்பிழை ஒன்று. அளவுக்கு மீறிச் சுருக்குவது இன்னொன்று. வெறும் 'எஸ்' என்று அடித்தால் அந்த எழுத்தில் தொடங்கும் கட்டளைகள் பல இருப்பதால், 'ஆம்பிகுவஸ்' என்று சொல்லிவிடும். கட்டளையைப் பாதியில் அடித்து நிறுத்தினால் 'இன்கம்ப்ளீட்', அதாவது பேச்சை முடிக்கவில்லை என்று சொல்லும். ஆக, தவறு என்ன ரகம் என்பதைப் பெட்டியே பிரித்துச் சொல்லிவிடுகிறது.

புதியவர்களைத் திணற அடிப்பது இவை எதுவும் இல்லை. எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் கூரை வருவதுதான். ஒருமுறை இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஒவ்வொரு எழுத்தா பார்த்துட்டேன், கட்டளை கரெக்ட்டாத்தான் இருக்கு. அப்பவும் இன்வேலிட்னு வருது."

"தம்பி, ரவுட்டர் பேருக்குப் பக்கத்துல என்ன குறி இருக்கு? '>'ஆ, '#'ஆ?"

"'>' சார்."

"முதல்ல எனேபிள் போட்டு பாஸ்வேர்டு குடுங்க."

அவ்வளவுதான் விஷயம். '>' என்றால் வாசல் திண்ணை, '#' என்றால் வீட்டுக்குள். கான்ஃபிகரேஷனில் ரகசியங்கள் இருப்பதால் திண்ணையில் இருப்பவருக்கு அதைக் காட்டுவதில்லை. ஆனால் "உனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லாமல், "அப்படி ஒரு சொல்லே எனக்குத் தெரியாது" என்பது போலப் பேசும். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சொற்பட்டியல் வைத்திருக்கிற மொழி அது. அந்த நிலையின் பட்டியலில் இல்லாத சொல்லை அது வெறும் பிழையாகத்தான் பார்க்கும். இதேபோல், அமைப்பை மாற்றும் நிலைக்குள் போய்விட்டால் 'ஷோ' வேலை செய்யாது. வெளியே வர வேண்டும், அல்லது பிற்காலப் பதிப்புகளில் முன்னால் 'டூ' என்று சேர்க்க வேண்டும்.

முதல் சொல்லையே பிழையாக அடித்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ரவுட்டர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று நினைத்து, அதன் முகவரி என்ன என்று நெட்வொர்க் முழுவதும் விசாரிக்கும். பதில் வராது. நாம் விரலைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இதை நிறுத்த 'நோ ஐபி டொமைன்-லுக்அப்' என்று ஒரு கட்டளை உண்டு. இந்த வழக்கம் எப்படி வந்தது என்றால், அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகள் டெர்மினல் சர்வராகவும் வேலை பார்த்தன. உட்கார்ந்து ஒரு கணினியின் பெயரை அடித்தால் நேரே அதனுடன் இணைத்துவிடும். அந்த வேலை பெரும்பாலும் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பழைய அலுவலகங்களில் காரணம் மறந்துபோன பதிவேடுகளைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பதில்லையா, அதுபோல.

இன்னும் பழைய பெட்டிகளில் 'ஷோ ரன்' என்பதே கிடையாது. 'ரைட் டெர்மினல்' என்று அடிக்க வேண்டும். திரையில் எழுதிக் காட்டு என்று அர்த்தம். 'ஷோ ரன்' புழக்கத்துக்கு வந்தது 1990களின் நடுவில்தான்.

சரி, இந்த மொழியை யார் உண்டாக்கினார்கள்?

சிஸ்கோ நிறுவனம் 1984 டிசம்பரில் தொடங்கப்பட்டது. லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி தொடக்கினார்கள். இருவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு துறைகளின் கணினிகளைக் கவனித்துவந்தவர்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளவே ரவுட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்று ஓர் அழகான கதை உலவுகிறது. கதை அழகுதான், ஆனால் அதில் பல பேர் விடுபட்டுப் போகிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் மருத்துவப் பள்ளியின் கணினிப் பிரிவில் இருந்த வில்லியம் யேகர் 1980லேயே ரவுட்டர் மென்பொருளை எழுதத் தொடங்கிவிட்டார். அது ஓடிய கணினிப் பலகையை வடிவமைத்தவர் அங்கே மாணவராக இருந்த ஆண்டி பெக்டல்ஷைம். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார். யேகரின் மென்பொருளை எடுத்து வளர்த்தவர்கள் போசாக்கும் கிர்க் லோகீடும். 1987இல் ஸ்டான்ஃபோர்ட் அந்த மென்பொருளையும் இரண்டு பலகைகளையும் பயன்படுத்தும் உரிமையை முறைப்படி சிஸ்கோவுக்குக் கொடுத்தது. ரொக்கமாகப் பெற்றது 19,300 டாலர். அதற்கு மேல் 1,50,000 டாலர் ராயல்டி. பின்னாளில் சிஸ்கோ உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றானதை நினைத்தால், பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது கொசுறு.

அந்த ரவுட்டரின் பேச்சுமுறையும் வெறும் காற்றிலிருந்து வந்துவிடவில்லை. 1970 வாக்கில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பிபிஎன் என்ற நிறுவனம், பிடிபி-10 கணினிக்காக டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியது. அதில் கட்டளையைப் பாதி அடித்து எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். டெனெக்ஸிலிருந்து பிறந்தது டெக் நிறுவனத்தின் டாப்ஸ்-20. இதில் எந்த இடத்திலும் '?' அடித்தால், அடுத்து என்ன சொல்லலாம் என்று பட்டியல் போட்டுக் காட்டும். ஸ்டான்ஃபோர்டில் இந்த டெக்-20 இயந்திரங்கள்தான் ஆண்டுகொண்டிருந்தன. அங்கே பழகிய கைகள் எழுதிய ரவுட்டரிலும் அதே '?' வந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை. 1983இல் டெக் நிறுவனம் அந்த இயந்திர வரிசையை வளர்ப்பதைக் கைவிட்டது. இயந்திரம் போய்ச் சேர்ந்தது. அதன் கேள்விக்குறி மட்டும் இன்றும் உலகெங்கும் ரவுட்டர்களில் உயிரோடு இருக்கிறது.

பிழையைச் சுட்டிக்காட்டுவதற்குப் பதிலாகத் திருத்தியே தந்தால் என்ன என்று கேட்கலாம். அதையும் முயன்று பார்த்தவர்கள் உண்டு. வாரன் டைடல்மன் என்பவர் லிஸ்ப் மொழிக்காக, 'நான் என்ன நினைக்கிறேனோ அதைச் செய்' என்ற பொருளில் ஒரு வசதியை எழுதினார். எழுத்துப்பிழையை அதுவே ஊகித்துத் திருத்திக்கொள்ளும். அதுபோன்ற ஒரு வசதியைக் கட்டளைகளுக்கும் சேர்த்த ஓரிடத்தில், ஒருவர் பழைய நகல்களை மட்டும் அழிக்கச் சொன்னாராம். அப்படி எதுவும் இல்லை என்று கண்ட கணினி, "எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது" என்று ஊகித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டதாம். கணினி உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. ரவுட்டரில் இப்படி ஓர் ஊகம் நடந்தால் ஓர் ஊரின் இணைப்பே போய்விடும். சுருக்கத்தை ஏற்றுக்கொள்வேன், ஊகிக்க மாட்டேன், சந்தேகம் வந்தால் நின்றுவிடுவேன் என்கிற அந்தக் கூரையின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது.

இனி வழக்குக் கதை. சிஸ்கோ வளர வளர, பொறியாளர்கள் அதன் மொழியைத் தாய்மொழி போலப் பழகினார்கள். போட்டிக்கு வந்தவர்களுக்கு ஒரு சங்கடம்: அதே மொழியில் பேசுவதா, புதிதாக ஒன்றைச் செய்வதா? 1996இல் தொடங்கிய ஜூனிபர் தன் வழியில் போனது. அங்கே 'ஷோ கான்ஃபிகரேஷன்' என்று அடிக்க வேண்டும். ஹுவாவே பெட்டிகளில் 'டிஸ்ப்ளே கரன்ட்-கான்ஃபிகரேஷன்'. பழக்க தோஷத்தில் 'ஷோ ரன்' அடித்துவிட்டு விழிக்காதவர்கள் குறைவு. 2003 ஜனவரியில், மூல நிரலையும் கட்டளை முறையையும் நகலெடுத்ததாகச் சொல்லி ஹுவாவே மீது சிஸ்கோ டெக்சஸில் வழக்குத் தொடர்ந்தது. கட்டளை முறையையும் உதவித் திரைகளையும் கையேடுகளையும் மாற்றிக்கொள்ள ஹுவாவே ஒப்புக்கொண்டதால், 2004இல் வழக்கு முடிவுக்கு வந்தது.

அடுத்தது அரிஸ்டா. இந்த நிறுவனம் 'ஷோ ரன்' என்றே வைத்துக்கொண்டது. 2014 டிசம்பரில் சிஸ்கோ வழக்குப் போட்டது. ஐநூறுக்கு மேற்பட்ட கட்டளைத் தொடர்கள் தன் பதிப்புரிமை என்றது. அரிஸ்டாவை நிறுவியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஆண்டி பெக்டல்ஷைம்! முதல் ரவுட்டர்களுக்குப் பலகை செய்து கொடுத்தவர், முப்பது ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பில். சாட்சி சொல்ல வந்தவர்களில் கிர்க் லோகீடும் உண்டு.

2016 டிசம்பரில் சான் ஹோசேயில் ஜூரி சொன்ன தீர்ப்பு சுவாரசியமானது. அரிஸ்டா சிஸ்கோவின் கட்டளை முறையை எடுத்தாண்டது உண்மைதான். ஆனால் அந்தத் துறையில் யார் வேலை செய்தாலும் தவிர்க்க முடியாத பொது அம்சங்கள் அவை, ஆகவே நஷ்டஈடு கிடையாது. சிஸ்கோ மேல்முறையீடு செய்தது. கடைசியில் 2018 ஆகஸ்டில், காப்புரிமை வழக்குகளையும் சேர்த்து 40 கோடி டாலர் கொடுத்து அரிஸ்டா சமரசம் செய்துகொண்டது. ஆக, அந்தச் சொற்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு உயர்ந்த நீதிமன்றத்தின் இறுதி விடை வராமலேயே போயிற்று.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உழைத்து ஒரு மொழியை ஒழுங்குபடுத்தியவருக்கு மரியாதையும் லாபமும் சேரத்தான் வேண்டும். ஆனால் சிஸ்கோவின் '?' டாப்ஸ்-20இன் சாயல், டாப்ஸ்-20 டெனெக்ஸின் வாரிசு. நடு ராத்திரியில் கூரைக்குக் கீழே கண்ணை இடுக்கிக்கொண்டு, இந்தச் சொற்களை விரல் நுனியில் ஏற்றிக்கொண்ட லட்சக்கணக்கான பொறியாளர்களும் இதில் பங்காளிகள். வேலைக்காரன் கையில் ஏறிய சொல்லுக்கு வேறொருவர் பட்டா கேட்டால், அவன் பெட்டி மாறும்போதெல்லாம் பேச்சு பழக வேண்டியதாகிவிடும். ஜூரியில் உட்கார்ந்த சாதாரண ஜனங்களுக்கு இது புரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கூரை வந்தால் பதறாதீர்கள். முதலில் '>' குறியா, '#' குறியா என்று பாருங்கள். பிறகு கூரை நிற்கிற இடம் வரை அழித்துவிட்டு '?' போடுங்கள். எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் அநேகமாக அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் சொல்லும்.