குப்பை அடித்த காலம்

எங்க பக்கம் "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?"ன்னு கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. குப்பைன்னா எரு. சாணி, அடுப்புச் சாம்பல், மாடு தின்னது போக மிஞ்சின வைக்கோல், வீடு கூட்டின மண் எல்லாம் கொல்லைக் குழிக்குப் போகும். கோடையில வண்டி கட்டி அள்ளி வயல்ல கொட்டுவோம். குழி காலியாகும், மறுபடி நிரம்பும். நகரத்துக் குப்பைக்கும் ஒரு காலத்துல இதே வழிதான் இருந்தது.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி செய்தார். செடிகொடிக் கழிவு, சாணி, சாம்பல், கோமியம் ஊறின மண் என்று அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிப்போட்டால் மூன்றே மாதத்தில் மட்கிவிடும் என்று காட்டினார். யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். நம்ம எருக்குழிக்கு இந்தூர் முறைன்னு பேர் வந்தது அப்படித்தான்! ஆனா விவசாயிகள்கிட்ட கத்துக்கிட்டேன்னு ஒப்புக்கொண்ட மனுஷன், அதனால விட்டுடலாம்.

1939ல் ஆச்சார்யா என்ற அறிவியலாளர் பெங்களூரில் இன்னொரு முறை கண்டார். ஊர்க் குப்பையையும் மனிதக் கழிவையும் அகழியில் மாற்றி மாற்றிப் பரப்பி, மண் மூடி மாதக்கணக்கில் விட்டுவிடுவது. 1940களில் உணவுப் பஞ்சம் வந்தபோது நகராட்சிகள் இதைக் கையில் எடுத்தன. நகரத்து எரு வயலுக்கு வந்தது. அந்தக் கழிவை யார் தலையில் சுமந்து வந்தாங்கன்னு யோசிச்சா, அதைப் பொற்காலம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

பிறகு யூரியா மூட்டை வந்தது, குப்பையில் பிளாஸ்டிக் கலந்தது. விவசாயி வேண்டாம்னுட்டான். வண்டி போக இடமில்லாம ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஏரி, சதுப்பு நிலத்தில் கொட்டினாங்க. சென்னைக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடி அப்படி அமைந்தது.

கொட்டின குப்பை சும்மா கிடக்கும்னு நினைக்காதீங்க. எருக்குழியில் காற்று புகும். மேட்டின் அடியில் புகாது. காற்றில்லாம அழுகினா மீத்தேன் வரும், கோடையில் மேடு பற்றி எரிய அதுவும் ஒரு காரணம். மழைநீர் உள்ளே இறங்கி, கறுப்புச் சாறாகி நிலத்தடிக்குப் போகும். ஈரமே இல்லாட்டி வேற கதை. அமெரிக்காவில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1987லிருந்து குப்பைமேடுகளைத் தோண்டினார். பல பத்தாண்டு பழைய செய்தித்தாளைப் படிக்க முடிந்தது!

மேடு நகரவும் செய்யும். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, குப்பைமலை சரிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் செத்துப்போனாங்க.

மட்கவோ மறுபடி பயன்படவோ முடியாத மிச்சத்தை மட்டும்தான் புதைக்கணும்னு 2000லேயே விதி வந்தது, 2016ல் இன்னும் விரிவாக. அந்த மிச்சம் எவ்வளவுங்கிறது உங்க சமையலறையில்தான் முடிவாகுது. ஈரமும் காய்ந்ததும் ஒரே பையில் விழுந்துட்டா எல்லாமே மிச்சம்தான்.

பெருங்குடியில் பழைய மேட்டைத் தோண்டிச் சலிச்சாங்க. பயோமைனிங்னு பேர். எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி எல்லாம் சிமெண்ட் ஆலைக்குப் போச்சு. கடைசியில் கறுப்பா பொடி மண் தேறும். பார்க்க எங்க எருவேதான். ஆனா பேட்டரியும் குழல்விளக்கும் கலந்து கிடந்த மண்ணில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம்; சலிச்சாலும் போகாது. பரிசோதனைச் சீட்டு இல்லாம அதை என் வயல்ல இறக்க நான் விடமாட்டேன். பள்ளம் நிரப்பத்தான் ஆகும்.