செவிலியப் பராமரிப்பில் நோக்கம்

செவிலியரின் கைவேலையோடு, நோயாளி நலம்பெற வேண்டும் என்று அவர் மனத்தில் கொள்ளும் எண்ணமும் பலன் தரும் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் செவிலியக் கல்வியில் வலுப்பெற்றது. அந்த எண்ணத்தையே மையமாக வைத்து எழுந்த முறை ‘தெரபியூடிக் டச்’ எனப்படும் சிகிச்சைத் தொடுகை.

இதை 1972-இல் வகுத்தவர்கள் நியூயார்க் பல்கலைக்கழகச் செவிலியப் பேராசிரியர் டோலரஸ் கிரீகரும் டோரா குன்ஸும் ஆவர். குன்ஸ் செவிலியர் அல்லர். 1904-இல் ஜாவாவில் டச்சுக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் ஆஸ்திரேலியா சென்று பிரம்மஞானச் சிந்தனையாளர் லெட்பீட்டரிடம் பயின்றவர். 1975 முதல் 1987 வரை அமெரிக்கப் பிரம்மஞான சபையின் தலைவர். 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய மூலப் பிரம்மஞான சபை 1882-இல் சென்னை அடையாற்றுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்டது. உடலைச் சுற்றி உயிராற்றல் உலவுகிறது என்ற பேச்சு சபையினரிடையே நெடுநாள் வழங்கிவந்தது. நோய் என்பது பிராணனின் குறைவு என்று கிரீகர் விளக்கியதில் அதன் தடம் தெளிவாகத் தெரிகிறது.

கிரீகருக்கு இன்னொரு தூண்டுதலும் இருந்தது. ஹங்கேரியக் குதிரைப்படையில் கர்னலாக இருந்த ஆஸ்கர் எஸ்டபானி, கை வைத்து நோய் தீர்ப்பவர் எனப் பெயர் பெற்றிருந்தார். 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிராட், எஸ்டபானியைக் கொண்டு எலிகளின் காயம் ஆறும் வேகத்தை ஆராய்ந்தார். பின்னர் எஸ்டபானி நோயாளிகளிடம் பணியாற்றியதைக் கிரீகர் அருகிலிருந்து கவனித்தார். இத்திறனைப் பிறவி வரம் என்று எஸ்டபானி கருதினார். உதவும் எண்ணம் உள்ள எவரும் கற்கலாம் என்பது கிரீகர், குன்ஸ் இருவரின் கொள்கை. கிரீகர் 1975-இல் தம் பல்கலைக்கழகத்தின் முதுகலை வகுப்பில் இதைப் பாடமாக்கினார். 1979-இல் நூலும் வெளியிட்டார். மனிதரை ஆற்றல் புலமாகக் காணும் மார்த்தா ராஜர்ஸின் செவிலியக் கோட்பாடு (1970) இம்முறைக்குக் கல்வித்துறை அடித்தளம் தந்தது.

செவிலியர் முதலில் மனத்தை ஒருமுகப்படுத்தி, இந்த நோயாளிக்கு உதவுகிறேன் என்ற எண்ணத்தில் நிலைகொள்கிறார். பிறகு உடலிலிருந்து சில அங்குல உயரத்தில் கைகளைத் தலைமுதல் கால்வரை நகர்த்தி, புலத்தில் உள்ள வேறுபாட்டை உணர்ந்து சீர்செய்வதாகக் கருதப்படுகிறது. உடலைத் தொட வேண்டியதில்லை.

எண்ணத்தைத் தனியே பிரித்துச் சோதித்தவர் ஜேனட் குவின். அவரது ஆய்வில் (1984) ஒரு சாரார் முறைப்படி செய்தனர். மறு சாரார் அதே கையசைவுகளைச் செய்துகொண்டே மனத்துக்குள் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்தபடி இருந்தனர். எண்ணம் கூடிய சிகிச்சை பெற்ற இதய நோயாளிகளின் பதற்றம் கூடுதலாகத் தணிந்தது. செவிலிய ஆய்வில் இவ்வளவு நுட்பமான ஒப்பீட்டை அரிதாகவே காணலாம். ஆனால் 1989-இல், கண்ணும் முகமும் சந்திக்காதபடி அவரே நடத்திய மறு ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. எனவே முதல் ஆய்வில் நோயாளியை ஆற்றியது புலம் அன்றி, கவனம் நிறைந்த முகமாகவும் இருக்கலாம்; ஆனால் இந்த ஆய்வு மட்டும் அதை உறுதிப்படுத்தவில்லை.

1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த எமிலி ரோசாவின் ஆய்வும் புலம் பற்றிய ஐயத்துக்கு வலுச் சேர்த்தது. அவர் ஒன்பது வயதில் நடத்திய சோதனை அது. திரைக்கு அப்பால் கை நீட்டிய 21 பயிற்சியாளர்கள், தங்கள் எந்தக் கைக்கு மேல் சிறுமியின் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 280 முறைகளில் 123 முறையே, அதாவது 44 விழுக்காடே, சரியாகச் சொன்னார்கள்.

சிகிச்சைத் தொடுகைக்கு வெளியேயும் நோக்கத்துக்கு இடம் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜீன் வாட்சன் 1979 முதல் வளர்த்த பராமரிப்புக் கோட்பாட்டிலும் செவிலியரின் அகநிலைக்கு முதன்மை உண்டு. வலி தணிப்பு மருத்துவத்தில் நோக்கம் அறநெறி அளவுகோலாகிறது: கடும் வலிக்கு மார்பின் கொடுக்கும்போது வலியைத் தணிப்பதே கருத்தாக இருந்தால், ஆயுள் குறையும் அபாயம் இருப்பினும் அச்செயல் ஏற்கப்படுகிறது. இக்கொள்கையின் வேர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸிடம் உள்ளது.

சிகிச்சைத் தொடுகை வட அமெரிக்காவின் சில மருத்துவமனைகளில் துணைச் சேவையாக இன்றும் தொடர்கிறது.